விளக்கடியில் ஐவர்



இம்மாதம் இருண்ட குடிசையொன்றுக்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன். நெதர்லாந்தின் தென்பகுதியில் நியூனென் என்னும் சிற்றூர்; ஆண்டு 1885. தொங்கும் ஒற்றை எண்ணெய் விளக்கின்கீழ் ஐவர் இராவுணவு கொள்கின்றனர். நடுவில் பொதுத் தட்டு. அதில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு. மூதாட்டி கோப்பைகளில் காப்பி வார்க்கிறாள். சிறுமியின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. இதுவே வின்சென்ட் வான் கோ தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்போர்'.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவர் குடியானவர்களின் முகங்களை மட்டும் ஏறத்தாழ நாற்பது முறை தீட்டிப் பழகினார். இறுதிப் படத்தில் முகங்கள் முடிந்த பின்னரும் மனம் நிறையாமல், தோலுரிக்காத, மண்படிந்த கிழங்கின் நிறத்தில் அவற்றை மீண்டும் தீட்டினார். வெண்ணிறச் சாயத்தை அவர் மிகக் குறைவாகவே பயன்படுத்தினார் என்றால் வியப்பீர்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் குழைத்தால் கிடைக்கும் கருஞ்சாம்பலே, சூழ்ந்த இருளினால் நம் கண்ணுக்கு வெண்மையாகிறது! நிலத்தைத் தோண்டிய கைகளே தட்டுக்கும் நீளுகின்றன, உண்பது நேர்மையாய் ஈட்டிய உணவு என்பதைக் காட்டவே தீட்டியதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். நண்பர் ராப்பார்டு, இதன் கல்லச்சுப் பிரதியைக் கண்டு கடுமையாகப் பழித்தார். அக்கடிதத்தை வின்சென்ட் திருப்பியே அனுப்பிவிட்டார்.

இனி எழுதுவது எனக்குச் சற்று உறுத்தலானது. வின்சென்ட்டின் தந்தை அவ்வூர்ப் புராட்டஸ்டாந்து போதகர். அவ்வாண்டு மார்ச்சில் காலமானார். ஆயினும் மகன் ஓவியக்கூடத்துக்கு இடம் பிடித்தது கத்தோலிக்கக் கோயிற்பிள்ளையின் வீட்டில். படத்திலுள்ள குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமே. அவ்வீட்டு மணமாகாத பெண் கருவுற்றாள். பழி ஓவியர்மீது விழுந்தது. தாம் காரணமல்லர் என்று அவர் மறுத்தார். பங்குச் சுவாமியாரோ, அவருக்கு உருவமாய் அமரலாகாதென மக்களைத் தடுத்தார். மறுப்போருக்குப் பணம் தருவதாகவும் சொன்னாராம். இது வின்சென்ட் கடிதத்தில் உள்ள செய்தி. சுவாமியாரின் தரப்பை நான் படித்ததில்லை. மந்தையைக் காக்கும் கவலை எத்தகையது என்பதை நானும் அறிவேன். ஆனால் விசாரியாமல் கதவடைத்த நாள்கள் எனக்கும் உண்டு. ஆகவே அவரைக் குறைகூற என் நா எழவில்லை; புகழவும் எழவில்லை.

அமர ஆளில்லாத அந்தச் செப்டம்பரில் வின்சென்ட் கூடையிலிட்ட உருளைக்கிழங்குகளைத் தீட்டினார். பறவைக் கூடுகளைத் தீட்டினார். நவம்பரில் ஊரைவிட்டே ஆன்ட்வெர்ப்புக்குச் சென்றார்.

படம் இன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடப்புறச் சுவரை உற்றுப் பாருங்கள். கடிகாரத்தின் அருகே, புகைபடிந்த நிழலில், ஆண்டவர் சிலுவையில் தொங்கும் சிறு படமொன்று மாட்டியிருக்கிறது.