பிள்ளைகள் கல்லைக் காட்டிக் கேட்கும்போது

ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் முடிந்ததும் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோடைக்கு எங்கே போவது? விடையும் ஏறக்குறைய ஒன்றுதான். கோச் பிடித்து ராட்டினங்கள் சுழலும் பூங்கா ஒன்றுக்குப் போவோம். பாதி நாள் வரிசையில் நிற்போம். அம்மாமார் கட்டித் தந்த புளிச்சாதத்தைக் கார் நிறுத்துமிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் களைத்துத் திரும்புவோம். அதைக் குறை சொல்ல வரவில்லை. நாங்களும் அதில் மகிழ்ந்தவர்கள்தான். ஆனால் இந்த முறை வேறொரு யோசனையைச் சபையின் முன் வைக்கிறோம். வருஷத்தில் ஒரு சனிக்கிழமையாவது நம் பிள்ளைகளைப் பாறை பார்க்க அழைத்துப்போவோம்.

பாறையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, இந்த எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஞாயிறு பள்ளிக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன், கடற்கரையில் கண்டெடுத்த அம்மோனைட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட கல். அன்றைக்குச் சிருஷ்டிப்பைப் பற்றிய பாடம். "அக்கா, இது எந்த நாளில் உண்டானது?" என்று கேட்டான். பாடம் நடத்தியது எங்களில் ஒருவர்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், "அதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டோம். அவன் கல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதன் பிறகு வகுப்பில் அவன் எதையும் கேட்டதில்லை.

பிறகுதான் சார்ன்வுட் காட்டில் நடந்ததைப் படித்தோம். லெஸ்டருக்கு அருகே உள்ள அந்தப் பாறைகள் மிகப் பழையவை. சுமார் 56 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அவ்வளவு பழைய பாறையில் உயிரினத்தின் அச்சு இருக்காது என்பதே அந்நாளைய பாடம். 1956-இல் டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி அங்கே இலை போன்ற ஓர் அச்சைப் பார்த்து ஆசிரியரிடம் சொன்னார். அந்தப் பாறையில் அப்படி எதுவும் இருக்க முடியாது என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ராஜர் மேசன் என்ற மாணவர் அதே அச்சைப் பார்த்தார். காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பிரதி எடுத்துத் தகப்பனாரிடம் காட்டினார். தகப்பனார் லெஸ்டர் நகரில் ஓர் ஆலயத்தின் போதகர். அவருக்கும் நிலவியல் தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவரைத் தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்த டிரெவர் ஃபோர்டிடம் மகனைச் சேர்த்தார். அவர் நேரில் போய்ப் பார்த்தார். 1958-இல் அந்த உயிரினத்துக்குச் சார்னியா மேசோனி என்று பெயரிடப்பட்டது. இன்று அந்தப் பாறைத் துண்டு லெஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் பார்த்தவர் டீனாதான் என்பதைப் பின்னாளில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பாறை ஒன்று, பிள்ளைகள் இருவர். ஒருவருக்குக் கிடைத்த பெரியவர் கேள்வியை முடித்துவைத்தார். மற்றவருக்குக் கிடைத்தவர் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். எங்கள் ஞாயிறு பள்ளியில் நாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நிலவியல் என்றாலே விசுவாசத்துக்கு எதிரானது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் இந்த நாட்டில் அந்தப் படிப்பைத் தொடக்கத்தில் வளர்த்தவர்களில் பலர் அங்கி அணிந்த குருமார். மெகலோசாரஸை 1824-இல் உலகத்துக்கு அறிவித்த வில்லியம் பக்லண்ட் பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் டீன் ஆனார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்கும் குருவானவரே. சரளைப் படிவுகள் எல்லாம் நோவாவின் ஜலப்பிரளயம் விட்டுச்சென்றவை என்று முதலில் நம்பியவர். நிலத்தை நடந்து பார்த்தபின் தாம் நினைத்தது தவறு என்று 1831-இல் நிலவியல் சங்கத்தின் தலைவராக நின்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அவர் ஊழியத்தை விடவில்லை, விசுவாசத்தையும் விடவில்லை. ஸ்காட்லாந்தில் கல்லுடைத்து வாழ்ந்த ஹியூ மில்லர் பாறைகளில் மீன்களின் எச்சங்களைத் தேடி எழுதினார். அவரே சுயாதீன சபைக்காகப் பத்திரிகை நடத்தியவரும் ஆவார்.

நமக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய பேர்சிவல் ஐயரை அறிவோம். 1863-இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அவருடைய மருமகன். ஒரே குடும்பத்தில் ஒருவர் வேதத்தையும் மற்றவர் கல்லையும் வாசித்தார்கள்.

படித்தவர்களின் வேலைதானே இது என்றும் எண்ண வேண்டாம். லைம் ரீஜிஸைச் சேர்ந்த மேரி ஆனிங் 1799-இல் ஏழைத் தச்சர் வீட்டில் பிறந்தவர். தகப்பனார் கடனோடு இறந்தபோது அவருக்குப் பதினொரு வயது. எழுத்து வாசிப்பைக் கற்றது ஞாயிறு பள்ளியில். அண்ணன் ஒரு தலையோட்டைக் காண, மீதி உடலை அவர் கண்டுபிடித்தார். அதுதான் அறிஞர்களை வியக்கவைத்த இக்தியோசார். 1823-இல் முழு ப்ளீசியோசார் ஒன்றையும் எடுத்தார். பெண் என்பதால் நிலவியல் சங்கத்தில் அவருக்கு இடமில்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-இல்தான். ஆனால் அவர் இறந்தபின் அந்தச் சங்கத்தாரும் சேர்ந்து, அவர் ஆராதித்த ஆலயத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் வைத்தார்கள். இன்றும் அதைப் பார்க்கலாம்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 1858-இல் லண்டனில் தொடங்கிய ஜியாலஜிஸ்ட்ஸ் அசோசியேஷன், ஆர்வம் மட்டுமே உள்ள சாதாரண மக்களுக்காக ஏற்பட்டது. பட்டம் கேட்பதில்லை. பேச்சுகள் நடத்துகிறார்கள், நிபுணர்களோடு வெளிக்களப் பயணம் போகிறார்கள். பிள்ளைகளுக்கென ராக்வாட்ச் என்ற சங்கம் இருக்கிறது. லைம் ரீஜிஸ் அருங்காட்சியகமும் சார்மவுத் கடற்கரை மையமும் வழிகாட்டியோடு புதைபடிவம் தேடும் நடைகளை ஏற்பாடு செய்கின்றன. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஃபோக்ஸ்டனுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே களிமண்ணிலிருந்து முத்துப் பளபளப்போடு அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. அல்லது ஒரு பிற்பகல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் தூண்களை உற்றுப் பார்க்கலாம். பர்பெக் பளிங்கு என்று சொல்லப்படும் அந்தக் கல் முழுவதும் நன்னீர் நத்தைகளின் ஓடுகள்.

பெற்றோரும் வெறும் துணையாக வர வேண்டியதில்லை. வீட்டுக் கெட்டிலில் வெள்ளையாகப் படிவது, இந்த நகரத்தின் அடியிலுள்ள சுண்ணக்கல்லில் கரைந்து வந்த சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் தண்ணீர் நிற்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள்தான். கிணறு வெட்டியபோது பாறை எப்படி வந்தது, தண்ணீர் எப்போது உவர்த்தது என்று அப்பப்பா சொல்லக்கூடிய கதை எந்த வழிகாட்டிக்கும் தெரியாது. ஒரே நடையில் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் ஒன்றைக் கற்க, அப்பப்பா தமிழில் ஒன்றைக் கற்பிக்கலாம்.

எதிர்ப்புகள் வரும் என்று அறிவோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுப் போவதா? வேண்டாம், சனிக்கிழமையே கேட்கிறோம். ஆபத்தில்லையா? உண்டு. 1833-இல் மேரி ஆனிங்கின் கண்ணெதிரே மண் சரிந்து அவருடைய நாய் மடிந்தது. ஆகவே வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. கடல் வற்றும் நேரம் பார்த்தே இறங்க வேண்டும். செங்குத்துக் கரையின் அடியில் நிற்கவோ அதைச் சுத்தியலால் தட்டவோ கூடாது. கரையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் பொறுக்கலாம். மருத்துவமும் பொறியியலும் படிக்க வேண்டிய நேரத்தில் இது எதற்கு? பாலம் கட்டவும் குடிநீர் தேடவும் நிலவியலாளர் வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் பதில் அதுவல்ல. ஒரு பிள்ளை பரீட்சைக்காக அல்லாமல் ஆசைக்காக ஒன்றைக் கற்கட்டுமே.

பெரிய தடை ஆதியாகமம் முதல் அதிகாரம். இதில் நமக்குள் ஒரே கருத்து இல்லை. ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்று விசுவாசிக்கும் மூப்பர்கள் நம் சபையில் உண்டு. அந்த நாட்கள் நீண்ட காலங்கள் என்று கொள்ளுகிறவர்களும் உண்டு. எங்கள் குழுவிலேயே இரண்டு தரப்பும் உண்டு. அதைத் தீர்த்துவைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. கல்லின் வயதை நிலவியலார் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பிள்ளை நேரில் கேட்கட்டும். வேதத்தை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதை நம்மிடம் கேட்கட்டும். நாங்கள் பயப்படுவது மௌனத்துக்குத்தான். பல்கலைக்கழகம் போனபின் ஆலயத்துக்கு வராமல் நின்றுபோன அண்ணன்மாரையும் அக்காமாரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் நம்மோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்? பெரும்பாலோர் எதுவும் சொல்லாமல்தான் போனார்கள். கேள்வியை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று கற்ற பிள்ளை, ஒரு நாள் தானும் கேள்வியோடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஆகையால் சபைக் குழுவிடம் மூன்று காரியங்கள் கேட்கிறோம். வருகிற கோடையில் ஒரு சனிக்கிழமை ஃபோக்ஸ்டனுக்கோ சார்மவுத்துக்கோ வழிகாட்டியோடு ஒரு பயணம். குளிர்காலத்தில் ஒரு மாலை, உள்ளூர் நிலவியல் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்து மண்டபத்தில் ஒரு பேச்சு. போதகரும் உடனிருந்து பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்க வேண்டும். மூன்றாவது, ஞாயிறு பள்ளி அறையில் ஓர் அலமாரித் தட்டு. பிள்ளைகள் கொண்டுவரும் கற்களை, எங்கே எடுத்தது என்று எழுதி அங்கே வைக்கலாம்.

யோர்தானைக் கடந்ததும் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டியது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பிற்காலத்தில் அவற்றைக் காட்டிக் கேட்பார்கள், பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே. அங்கே கேள்வி கேட்பது பிள்ளையின் குற்றமல்ல, அது எதிர்பார்க்கப்பட்டது. எங்கள் வகுப்புப் பையனிடம் நாங்கள் போன வாரம் மன்னிப்புக் கேட்டோம். கல் இன்னும் இருக்கிறதா என்றோம். வீட்டில் ஜன்னலோரம் வைத்திருக்கிறானாம். அலமாரித் தட்டு வந்தால் கொண்டுவருவதாகச் சொன்னான்.