வரிசை நிலைக்கட்டும், தேதி நகரட்டும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோருக்குக் கோடை விடுமுறை என்பது திட்டம் போடும் காலம். வரும் ஆண்டுக்கான அட்டவணையை ஒருவர் எழுதி முடித்ததும் அது நாலு வீட்டுக்குப் போகும். முப்பத்தாறு வாரம், வாரத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் படிக்க வேண்டிய அத்தியாயம், வரைய வேண்டிய வரைபடம், நூலகத்தில் தேட வேண்டிய கதைப்புத்தகம். இப்படிக் கைமாறும் அட்டவணைகளில் கணிசமானவை வரலாற்றை நடுவில் வைத்துக் கட்டியவை. வாங்கியவர்களில் பலர் ஆறாவது வாரத்திலேயே பின்தங்கி, நவம்பருக்குள் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். குறை பிள்ளைகளிடமோ தங்களிடமோ இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது இருப்பது அட்டவணையைப் புரிந்துகொண்ட விதத்தில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வரலாற்றை நடுவில் வைப்பது என்றால் எல்லாப் பாடத்தையும் வரலாற்றுக்குள் திணிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். எகிப்து ஆண்டில் பிரமிடை வைத்தே கணக்குப் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கணக்கும் எழுத்துப் பயிற்சியும் அவற்றுக்கே உரிய படிகளில் ஏறட்டும். வரலாற்றுக்கு நடு இடம் கிடைத்ததற்குக் காரணம் வீட்டின் அமைப்பு. ஒரே வீட்டில் ஆறு வயதில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதின்மூன்றில் ஒன்று என்று மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் மூவரையும் சேர்த்து உட்காரவைக்க முடியாது. கூட்டல் வராத பிள்ளைக்குப் பின்னம் ஏறாது. ரோமாபுரிக்கு அந்தத் தொல்லை இல்லை. சின்னவள் ரோமுலஸ், ரீமஸ் கதையைக் கேட்டுவிட்டு ஓநாய் வரைவாள். நடுப்பையன் ஹானிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவான். மூத்தவள் புளூட்டார்க் எழுதிய சீசரின் வாழ்க்கையை மொழிபெயர்ப்பில் படித்து, அவரைக் கொன்றவர்கள் செய்தது சரிதானா என்று இரண்டு பக்கம் எழுதுவாள். இரவுச் சாப்பாட்டில் மூவருக்கும் பேச்சு ஒன்று. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தயாரிப்பும் ஒன்று. இலக்கியம், புவியியல், ஓவியம் எல்லாம் அந்தக் காலகட்டத்தோடு இயல்பாக ஒட்டிக்கொள்ளும்.

அறிவியலும் ஒட்டும் என்று சிலர் சொல்வார்கள். ஜெஸ்ஸி வைஸ் என்ற அம்மாவும் அவர் மகள் சூசன் வைஸ் பாயரும் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட ‘தி வெல்-டிரெய்ன்டு மைண்ட்’ என்ற நூல் இந்த முறைக்குப் பரவலான வடிவம் கொடுத்தது. உலக வரலாற்றை அது நான்கு ஆண்டுகளாகப் பிரிக்கிறது: தொன்மைக் காலம் தொடங்கி கி.பி. 400 வரை முதலாண்டு, 400 முதல் 1600 வரை இரண்டாம் ஆண்டு, 1600 முதல் 1850 வரை மூன்றாவது, அதன் பின் இன்றுவரை நான்காவது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் இந்தச் சுற்று மூன்று முறை வரும். ஒவ்வொரு முறையும் ஆழம் கூடும். அறிவியலில் உயிரியல், புவியியலும் வானியலும், வேதியியல், இயற்பியல் என்று அதே வரிசையில் ஆண்டுக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டில் இது அழகாகப் பொருந்தும். வேதியியலாளர்கள் பாயிலும் லவாய்சியேவும் அந்தக் காலத்தவர்களே. மற்ற ஆண்டுகளில் பொருத்தம் கொஞ்சம் இழுத்துக் கட்டியதுதான். உங்கள் பிள்ளைக்கு எகிப்து ஆண்டில் நட்சத்திரம் பார்க்கப் பிடித்தால் தாராளமாகப் பார்க்கட்டும்.

இந்தச் சுற்றில் ஒரு மெய்யான சிக்கல் உண்டு. பகிரப்படும் அட்டவணைகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அண்ணன் அக்கா நான்காம் ஆண்டில் இருக்கும்போது கடைக்குட்டிக்கு ஆறு வயது நிரம்பினால் என்ன செய்வது? படிப்பின் முதல் ஆண்டே இரண்டு உலகப் போர்கள். ஹிரோஷிமாவையும் ஆஷ்விட்ஸையும் ஆறு வயதுக்கு யாரும் சொல்ல விரும்பமாட்டார்கள். அந்த ஓராண்டு மட்டும் சின்னதைத் தனியே விட்டுவிடுவது நல்லது. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த கதை, ஹெலன் கெல்லர் கதை, ரயில் வந்த கதை போதும். அடுத்த ஆண்டு வீடு மறுபடி நைல் நதிக்குத் திரும்பும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அட்டவணையைப் பகிரும் பழக்கம் புதிதல்ல. இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் வாழ்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), 1891-இல் அஞ்சல் வழியாக ஒரு பள்ளி தொடங்கினார். பருவத்துக்கு ஒருமுறை நூற்பட்டியலோடு பாடத்திட்டம் வீடு தேடி வரும். பருவ முடிவில் தேர்வுக் கேள்விகள் வரும். பேரரசின் பல மூலைகளில் வசித்த ஆங்கிலேயக் குடும்பங்கள் ஒரே பருவத்தில் ஒரே நூலைப் படித்தன. ஆனால் அந்தத் தாளில் வரலாற்றுக்கு நேரே இருந்தது இந்த நூலில் இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை என்ற குறிப்புதான். எந்த நாளில் எந்தப் பக்கம் என்பது வீட்டில் கற்பிப்பவரின் பொறுப்பு. பிள்ளை படித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதே அங்கே முக்கியமான பயிற்சி. கடிதம் வழியாக வரலாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் நேரு. 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்ட் வரை சிறைகளிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய 196 கடிதங்கள் 1934-இல் நூலாயின. அவருக்கு அட்டவணை ஏதும் இல்லை. கையில் கிடைத்த புத்தகங்களும் தம் குறிப்பேடுகளும்தான். ஆனாலும் காலவரிசையை அவர் பெரும்பாலும் விடவில்லை.

இனி கணக்குக்கு வருவோம், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பாயர் குழந்தைகளுக்காக எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்டு’ நான்கு பாகங்கள் கொண்டது. பாகத்துக்கு 42 அத்தியாயம். பாட ஆண்டோ 36 வாரம். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்றால் ஆறு மிச்சம். காய்ச்சல், விருந்தாளிகள், புதிதாகப் பிறந்த குழந்தை என்று ஆண்டில் மூன்று நான்கு வாரம் எந்த வீட்டிலும் தானாகவே கழிந்துவிடும். ஆகவே உண்மையில் இருப்பது 32 வாரம், மிச்சம் பத்து அத்தியாயம். இந்தப் பத்தை என்ன செய்வது என்று ஜூலையிலேயே முடிவெடுக்காத அட்டவணை நவம்பரில் விழத்தான் செய்யும். சில வாரங்களில் இரண்டு சிறிய அத்தியாயங்களைச் சேர்த்துப் படிக்கலாம். சிலவற்றை வரைபட வேலையோ கைவேலையோ இல்லாமல் படுக்கை நேரக் கதையாக மட்டும் வாசித்துக் கடக்கலாம். சிலவற்றை விட்டேவிடலாம். கோடையிலும் நிறுத்தாமல் 42 வாரம் நடத்தும் வீடுகளும் உண்டு.

36 என்ற எண்ணுக்கு வரலாற்றோடு எந்த உறவும் இல்லை. பல மாநிலங்களில் பள்ளிகள் நடக்கும் 180 நாளை ஐந்தால் வகுத்தால் வருவது அது. மேசன் வழியில் இலவசப் பாடத்திட்டம் தரும் ‘ஆம்பிள்சைடு ஆன்லைன்’ இதைப் பன்னிரண்டு வாரப் பருவங்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறது. (2012-13 முதல் முப்பருவப் பாடநூல் பார்த்த தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதில் புதுமை இருக்காது.) பாரசீகம் எழுந்த பின் பேபிலோன் அதனிடம் வீழ்ந்தது என்பது மாறாத வரிசை. அதை ஒன்பதாம் வாரத்தில் படிப்பதா பதினோராம் வாரத்திலா என்பது வெறும் மதிப்பீடு. தேதிகளை அழித்து எழுதுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. சிலர் தேதிகளையே எடுத்துவிட்டு, அத்தியாயங்களை எண்ணிட்ட பட்டியலாக வைத்துக்கொண்டு, இன்று எது முதலில் நிற்கிறதோ அதைப் படித்துக் கோடு போடுகிறார்கள். ஒரு வாரம் தவறினால் பட்டியல் காத்திருக்கும், யாரும் பின்தங்குவதில்லை.

ஒரு வாரத்தின் வேலையும் மிகச் சிறியதே. திங்களன்று ஒரு அத்தியாயம் உரக்கப் படித்துப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். அது சொல்வதை நாலு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். புதனன்று வரைபடமும் காலக்கோட்டில் ஒரு பதிவும். வெள்ளியன்று நூலகப் புத்தகம். சிறுபிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது மேசனின் கருத்து.

தேதியைத் தளர்த்தலாம் என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை போடும். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் எந்த அலுவலகத்திலும் எதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. நியூயார்க்கில் பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாக ஆண்டுத் திட்டம் எழுதிப் பள்ளி மாவட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். காலாண்டு அறிக்கை உண்டு. ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990. ஒரு காலாண்டுக்குத் திட்டமிட்டதில் 80 சதவீதம் எட்டாவிட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இங்கே ஆசையாக நிரப்பிய அட்டவணை வினையாகும். டெக்சாஸ் தோழி அனுப்பிய 42 அத்தியாயத்தையும் அறுபது கதைப்புத்தகத்தையும் நியூயார்க் அம்மா அப்படியே திட்டத்தில் எழுதிக் கொடுத்தால், அவர் தம் தலையில் தாமே கடன் ஏற்றிக்கொள்கிறார். மாவட்டத்துக்குக் கொடுப்பது குறைந்தபட்சத் திட்டமாக இருக்கட்டும். வீட்டுச் சுவரில் ஒட்டுவது எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். பென்சில்வேனியாவில் படித்த நூல்களின் பெயர்ப் பட்டியலை உடனுக்குடன் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆகவே அங்கே கோடு போட்டு அடித்த அந்தப் பட்டியலே பாதி ஆவணம்.

இதிலிருந்தே எப்படிப் பகிர்வது என்பதும் விளங்கும். அட்டவணையின் தலைப்பில் மாநிலம், பிள்ளைகளின் வயது, சுற்றில் எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லையென்றால் வாங்குபவருக்கு அது பாதித் தாள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாயத் தலைப்பை எழுதுங்கள். ‘அத்தியாயம் இன்னது, இந்த வாரம்’ என்று எழுதுவதில் பதிப்புரிமைச் சிக்கல் வராது. விற்பனையில் இருக்கும் பயிற்சி நூலின் தாள்களை நகலெடுத்து இணைப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜூலையில் போட்ட திட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியில் உண்மையில் நடந்ததையும் குறியுங்கள். ‘இருபதாம் வாரம்: படிக்கவில்லை, எல்லோருக்கும் சளி’ என்ற வரி, புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு எந்த அறிவுரையையும் விட அதிகம் உதவும். சென்ற ஆண்டின் தாளை இந்த ஆண்டு பகிர்வதே சிறந்தது என்பது இதனால்தான்.

இன்னொன்றும் குறித்தாக வேண்டும்: எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திப் பேசினீர்கள் என்பது. எச். ஈ. மார்ஷல் 1905-இல் எழுதிய ‘அவர் ஐலண்ட் ஸ்டோரி’ பதிப்புரிமை முடிந்த நூல். இலவசமாகக் கிடைப்பதால் பல அட்டவணைகளில் இருக்கிறது. கதை சொல்வதில் மார்ஷல் கெட்டிக்காரர். ஆனால் 1756-இன் கல்கத்தா இருட்டறையும் 1857-இன் தில்லி, லக்னோ முற்றுகைகளும் அதில் முழுக்க ஆங்கிலேயர் பக்கத்திலிருந்தே வரும். அட்டவணையில் வெறுமனே அத்தியாய எண் மட்டும் நின்றால், வாங்கிய அம்மா அதை அப்படியே உரக்கப் படித்துவிடுவார். பக்கத்தில் ‘இங்கே நிறுத்தவும், சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்று பேசவும்’ என்று ஒரு வரி போதும். தமிழ்க் குடும்பமாக இருந்தால் 1806 ஜூலை 10 வேலூரில் நடந்ததை அதற்கு முன்னால் வைக்கலாம். புதிய தலைப்பாகையும் தாடி மீசை பற்றிய கட்டளையும் அங்கே கிளப்பிய கோபத்தை அறிந்த பிள்ளைக்கு, 1857-இன் தோட்டா விவகாரம் திடீரென்று வந்ததாகத் தோன்றாது.

அமெரிக்காவில் இப்படிப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: நம் வரலாற்றை எங்கே நுழைப்பது? தனிப் பாடமாகச் சனிக்கிழமைக்குத் தள்ளாமல் சுற்றுக்குள்ளேயே வைப்பது நல்லது. கீழடி முதலாண்டில், கிரேக்க நகரங்களுக்குப் பக்கத்தில். தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்ற 1010-உம், ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய 1025-உம் இரண்டாம் ஆண்டில், நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குச் சற்று முன்னால். காலக்கோட்டில் மூன்றும் ஒரே விரற்கடைக்குள் விழுவதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும். ஆனால் சோழருக்கு இரண்டு வாரம் வேண்டுமென்றால் இருக்கும் 32 வாரத்தில் எதையாவது எடுத்தாக வேண்டும். சேர்த்துக்கொண்டே போய் எதையும் நீக்காத அட்டவணைதான் முதலில் சரியும். இங்கிலாந்தின் ரோஜாப் போர்களைச் சுருக்கலாம் என்பது என் கருத்து. இன்னொருவர் வேறொன்றைச் சொல்லலாம். எதை எடுத்தீர்கள் என்பதையும் பகிரும் தாளில் எழுதிவிடுங்கள். உங்களிடமிருந்து வாங்குவது கொரியக் குடும்பமாக இருந்தால், அதே இரண்டு வாரத்தில் அவர்கள் கொரியாவை வைத்துக்கொள்வார்கள்.