ராக்வொர்ட் செடியும் தீவனப் போரும்

களை என்பது பயிருக்குரிய எருவையும் நீரையும் பங்கிட்டுக்கொள்வது என்பதே நம்மவர்களின் பொதுவான எண்ணம். கால்நடையின் உயிரையே போக்கும் களைகளும் உண்டென்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. இதற்குத் தக்க உதாரணம், பிரிட்டன் தேசத்து மேய்ச்சல் நிலங்களில் தானே முளைக்கும் ராக்வொர்ட் என்னும் செடியாகும்.

இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் இரண்டாண்டு வாழ்வது. முதலாண்டில் தண்டு விடாமல், இலைகள் வட்டமாகத் தரையோடு படிந்திருக்கும். மறு ஆண்டில் ஒன்று முதல் மூன்று அடி உயரம் தண்டெழும்பி, உச்சியில் கிளைத்து, ஜூன் மாதத்திற்கு மேல் தட்டையான கொத்துக்களாக மஞ்சட் பூக்களைத் தாங்கும். பூவைச் சுற்றிலும் சாதாரணமாக 13 இதழ்கள் காணப்படும். இலை கந்தற்றுணிபோல் கிழிந்திருப்பதாலேயே ஆங்கிலத்தில் இப்பெயர் ஏற்பட்டது. கசக்கினால் துர்நாற்றம் வீசும். டான்ஸி என்னும் செடியும் மஞ்சட் கொத்தாகப் பூக்கும். ஆனால் அதன் பூக்கள் பொத்தான் போன்றிருக்கும். ஓரத்தில் இதழ்கள் இரா.

பச்சைச் செடி கசப்புடையது. ஆகையால், வேறு தீனி உள்ளவரையில் மாடும் குதிரையும் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். புல்லோடு அறுத்து உலர்த்தியபின் கசப்புக் குறைகிறது, விஷமோ நீங்குவதில்லை. பிரோலிசிடின் ஆல்கலாய்டு எனப்படும் அவ்விஷம் ஈரலைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும். தின்று பல வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் நோய் தோன்றுவதால், காரணம் புலப்படுவதில்லை. நியூஜீலந்தில் வின்டன், கனடாவில் பிக்டோ என்னும் இடங்களின் பெயரால் இந்நோய் முன்னர் வழங்கிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூஜீலந்தில் கால்நடை வைத்திய அதிகாரியாயிருந்த கில்ருத், இச்செடியே காரணமென்று விளக்கினார்.

ஆகவே இதனை எங்கும் பூண்டோடு அழிக்கவேண்டும் என்று வாதிப்போர் உளர். அதற்கு நான் உடன்படேன். சின்னபார் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் முக்கியமாக இச்செடியைத் தின்றே வளர்கின்றன. தேனுண்ணும் பூச்சிகள் பலவும் இதனை நாடுகின்றன. மான் தீவினர் இதையே தங்கள் தேசிய மலராகக் கொண்டுள்ளனர். பிரிட்டனில் 1959, 2003-ஆம் ஆண்டுகளில் இது குறித்துச் சட்டங்கள் இயற்றப்பட்டும், பின்னவற்றின்படி 2004-இல் வெளியான நெறிமுறை பூண்டோடு அழிக்கச் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலத்திற்கோ, தீவனம் அறுக்கும் நிலத்திற்கோ 50 மீட்டருக்குள் பூத்து விதைப்பதையே பேரபாயமாக அது கருதுகிறது. இதுவே நியாயமான வழி. வேலியோரத்து மலர் விரோதியன்று. தீவனப் போருக்குள் புகுந்த மலரே விரோதி.

ஒழிக்கும் முறையிலும் விவேகம் வேண்டும். வெறுமனே அறுத்துவிட்டால் அது மீண்டும் தழைத்துப் பல்லாண்டு வாழும். மழை பெய்து மண் இளகியபோது, விதை பற்றுமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்கவேண்டும்; அறுந்த வேர்த்துண்டும் முளைக்கக்கூடும். பிடுங்கியதை நிலத்திலேயே போட்டுவைப்பது பெரும் பிழை. வாடிய செடியைக் கால்நடை தின்னும். எல்லாவற்றிலும் மேலானது, புல்லை அளவுக்கு மீறி மேயவிடாமல் அடர்ந்து வளரச் செய்வதே. தரை வெறுமையான இடத்தில்தான் இவ்விதை எளிதில் வேர்கொள்ளும்.

இது அயல்நாட்டுக் கதையென்று ஒதுக்கற்க. நம் கிலுகிலுப்பை இனங்கள் சிலவற்றிலும், தேள்கொடுக்குச் செடியிலும் இவ்வகை விஷமே உள்ளது. 1975-இல், அக்காலத்து மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த சர்குஜா ஜில்லாவில், சாமைத் தானியத்தில் கிலுகிலுப்பை வகை விதைகள் கலந்தமையால் ஈரல் கெட்டு மக்கள் பலர் மாண்டனர். கால்நடைக்கு நேர்வது மனிதருக்கும் நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆதலின், நிலமுடையோர் தீவனம் அறுக்குமுன் ஒருமுறை நிலத்தைச் சுற்றிப் பார்ப்பதையும், களத்தில் தானியத்தைச் சலித்தெடுப்பதையும் வழக்கமாக்கிக் கொள்ளல் வேண்டும். கிராம அதிகாரிகள் மேய்ச்சற் புறம்போக்குகளில் இத்தகைய செடிகள் உளவா என்று கவனித்து, குடிகளுக்கு நேரிற் காட்டி அறிவுறுத்தல் நலம். சட்டம் செய்யவியலாததை, செடியை இனமறிந்த கண் செய்துவிடும்.