காரின் மேல் மாம்பூந்தாது

தை, மாசி மாதங்களில் மாமரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் அன்பர்கள் நிழலை நாடி அம்மரத்தடியிலே காரை நிறுத்துகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் வண்டியெங்கும் பூவும் தாதும் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். உடனே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பார்கள். வந்தது வினை!

பூந்தாதுவின் மேலோடு, மண்ணில் லட்சக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தாலும் அழியாத உறுதி வாய்ந்தது. மாம்பூவை அண்டும் தத்துப்பூச்சிகள் சொரியும் இனிப்பு நீர் அதைப் பசைபோல் ஒட்ட வைக்கிறது. தூசியும் சேர்ந்த அதனை உலரத் தேய்த்தால் பளபளப்பான வர்ணத்தில் கீறல் விழாமல் என்ன செய்யும்?

வண்டி நிழலில் நின்று சூடு ஆறட்டும். முதலில் ஒரு வாளி நீரை மேலிருந்து ஊற்றுங்கள். பிறகு கார் கழுவும் சோப்பு நீரில் மெல்லிய துணியைத் தோய்த்து மெதுவாகத் துடையுங்கள். பிடிவாதமான கறைமேல் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்தால் தானே இளகும். பாத்திரம் துலக்கும் நார் கூடவே கூடாது. நாட்கணக்கில் வெயிலில் காயவிட்டால் கறை வர்ணத்துக்குள்ளேயே இறங்கிவிடும்.

இதற்காகச் சிற்றாற்றில் காரை இறக்கிவிடாதீர்கள். வயல்களுக்குப் பாய்ந்து தாமிரவருணியில் கலக்கும் நீர் அது. நம் வண்டியின் அழகுக்கு வீட்டு வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் போதாதா?