கார் ஷோரூமுக்குப் போகும் முன், வீல்சேரை அளந்தீர்களா?

பக்கவாதம் வந்த அப்பா, முதுகுத்தண்டில் அடிபட்ட கணவர், பெருமூளை வாதத்தோடு வளரும் மகள்... வீட்டில் ஒருவர் வீல்சேரில் இருந்தால், வெளியே கிளம்புவதே பெரிய வேலை. ஆட்டோவில் வீல்சேரை வைக்க இடம் இருக்காது. கால் டாக்ஸி வந்தால் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் தூக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் மடக்க என்று ஆள் தேட வேண்டும். கடைசியில், 'இன்னொரு நாள் பார்த்துக்கலாம்' என்று பயணமே நின்றுபோகும்.

இந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் 'நாமே ஒரு வண்டி வாங்கிடலாம்' என்ற பேச்சு தொடங்குகிறது. ஆனால், எந்த வண்டி? பெரிதாக இருந்தால் வசதி என்று நினைத்து எஸ்யூவி வாங்கினால், அவ்வளவு உயரத்துக்கு அம்மாவை ஏற்ற முடியாது. விலையையும் மைலேஜையும் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு: வீல்சேரில் இருப்பவரின் உடல்நிலை, அவரை ஏற்றி இறக்கப்போகிறவரின் இடுப்பு.

இடம் மாறி உட்கார முடியுமா?

எல்லாத் தேர்வுகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன. கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் வீல்சேரிலிருந்து கார் சீட்டுக்கு மாறக்கூடியவர் என்றால், சாதாரண காரே போதும். கார் சீட்டில் உட்கார்ந்து, காரின் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போவதுதான் பாதுகாப்பும்கூட.

அப்படியென்றால் கவனிக்க வேண்டியது சீட்டின் உயரம். வீல்சேரின் இருக்கை தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். கார் சீட்டும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே வழவழப்பான ஒரு பலகையைப் போட்டு நகர்ந்துவிடலாம். செடான் கார்களில் சீட் தாழ்ந்திருக்கும். உட்காருவது சுலபம், எழுப்புவது கஷ்டம். கூரை உயரமான ஹேட்ச்பேக் கார்கள் பலருக்குச் சரியாக அமையும். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையும் பாருங்கள்.

சீட்டே வெளிப்பக்கமாகத் திரும்பும் சுழல் இருக்கைகளும் இப்போது கிடைக்கின்றன. வேகன்ஆர் காருக்கு மாருதி நிறுவனமே இப்படி ஒரு இருக்கையை அறிமுகப்படுத்தியிருக்கிறது. கால்களை உள்ளே தூக்கி வைப்பதும் உடம்பை முறுக்குவதும் இதில் குறையும். ஆனால், வீல்சேரிலிருந்து சீட்டுக்கு மாறும் வேலை அப்படியே இருக்கும்.

அடுத்து டிக்கி. மடக்கும் வீல்சேர் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஷோரூமுக்கே அதை எடுத்துச் சென்று, வீட்டில் தினமும் தூக்கப்போகிறவர் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். எரிபொருள் செலவு குறையும் என்று சிஎன்ஜி மாடலை எடுத்தால், பல கார்களில் வீல்சேருக்கு இடமே இருக்காது.

ஐந்து வருடம் கழித்து?

இன்று 25 கிலோ இருக்கும் மகனைத் தூக்கி உட்காரவைக்க முடிகிறது. ஐந்து வருடத்தில் அவன் 45 கிலோ ஆகிவிடுவான். அதே ஐந்து வருடத்தில் அம்மாவுக்கும் வயது ஏறும். தசைச்சிதைவு போன்ற பிரச்னைகளில், இன்று எழுந்து மாற முடிகிறவருக்கு நாளை அது முடியாமல் போகலாம். தூக்கித் தூக்கி அம்மாவின் முதுகு போய்விட்டால், அந்த வீட்டில் கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். இன்றைய நிலையை மட்டும் வைத்து வண்டி வாங்கக் கூடாது என்பது இதனால்தான். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் இதை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

வீல்சேரோடு அப்படியே ஏற வேண்டும் என்றால்...

இடம் மாறவே முடியாது என்றாலோ, மாற்றினால் வலி அதிகம் என்றாலோ, வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஏறும் வண்டி தேவை. வேன் போன்ற வண்டிகளில் பின்பக்க சீட்டை எடுத்துவிட்டு, சாய்தளமோ லிஃப்ட்டோ பொருத்தித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே போகும் முன் வீட்டிலேயே நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அவர் வழக்கமான மெத்தையோடு வீல்சேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை உள்ள உயரம். இரண்டு, வீல்சேரின் அதிகபட்ச அகலம். மூன்று, கால் வைக்கும் பலகையிலிருந்து பின்சக்கரம் வரை உள்ள நீளம். நான்கு, ஆளும் வீல்சேரும் சேர்ந்த எடை. பேட்டரி வீல்சேர் என்றால் அது மட்டுமே 100 கிலோவைத் தாண்டலாம். உள்ளே நிறைய உயரம் இருக்கும் வண்டியிலும் பின்கதவு வாசல் தாழ்வாக இருக்கும். ஏறும்போது தலை இடிப்பது அங்கேதான்.

சாய்தளத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கட்டடங்களில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் வசதியான சரிவு. வண்டியின் தளம் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்தக் கணக்குப்படி 7 மீட்டருக்கு மேல் சாய்தளம் வேண்டும். வண்டியில் அது நடக்காது. 2 மீட்டர் சாய்தளம்தான் வைக்க முடியும் என்றால், 70 கிலோ ஆளையும் 20 கிலோ வீல்சேரையும் மேலே தள்ள சுமார் 27 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். அதாவது, ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஒரு சிப்பம் அரிசியைத் தூக்குவது போல! இறக்கும்போது அதே எடை நம்மை நோக்கி வரும்.

தளத்தைத் தாழ்த்தி அமைத்த வண்டியில் சரிவு குறையும். அது இல்லையென்றால், வீல்சேரை இழுத்துக்கொள்ளும் மோட்டாரோ லிஃப்ட்டோ வேண்டும். லிஃப்ட் என்றால், பேட்டரி இறங்கிவிட்டால் கையால் இயக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நடுரோட்டில் அது மாட்டிக்கொண்டால் வேறு வழியே இருக்காது.

பின்பக்கமா, பக்கவாட்டா என்பதை உங்கள் தெருதான் முடிவு செய்யும். குறுகலான தெருக்களில் பக்கவாட்டுச் சாய்தளத்தை விரிக்கவே முடியாது. பின்பக்கம் என்றால், இறங்குபவர் சாலைப் போக்குவரத்துக்கு நடுவே வந்து நிற்பார். வண்டியில் ஒரு சிவப்புக் கூம்பு வைத்திருந்து, முதலில் அதை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பது நல்லது.

நான்கு பட்டைகள், ஒரு பெல்ட்

உள்ளே ஏற்றியாயிற்று, பிரேக்கும் போட்டாயிற்று என்று கிளம்பிவிடக் கூடாது. வீல்சேரின் பிரேக் தரையில் நிற்பதற்காக இருப்பது. வண்டி சட்டென்று நின்றால் அது தாங்காது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு பட்டைகளால் வீல்சேரின் உறுதியான சட்டத்தை வண்டியின் தளத்தோடு பிணைக்க வேண்டும். கழற்றக்கூடிய கைப்பிடியிலோ கால்பலகையிலோ மாட்டக் கூடாது. வீல்சேர் எப்போதும் வண்டி போகும் திசையைப் பார்த்தே இருக்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்துவது ஆபத்து.

உட்கார்ந்திருப்பவருக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் தனி சீட் பெல்ட் வேண்டும். வீல்சேரோடு வரும் இடுப்புப் பட்டை சாய்ந்துவிடாமல் இருப்பதற்கு மட்டுமே. துப்பட்டாவும் கயிறும் பட்டைக்கு ஈடாகாது. 'பக்கத்து ஆஸ்பத்திரிதானே' என்ற சமாதானமும் வேண்டாம். வாகனப் பயணத்துக்காகச் சோதிக்கப்பட்ட வீல்சேர்களுக்கு 'ஐஎஸ்ஓ 7176-19' என்ற தர அளவீடு இருக்கிறது. புதிய வீல்சேர் வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ், வரி

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எனவே, வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, மாற்றத்தை ஆர்சி புத்தகத்தில் பதிவு செய்துகொள்வது அவசியம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், விபத்து நேர்ந்தபின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

வண்டி மாற்றுத்திறனாளியின் பெயரில் என்றால், அதைப் பதிவில் குறிப்பிடுவதற்கான பிரிவு 2020-ல் சேர்க்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்காகவே வடிவமைக்கப்பட்ட வாகனங்களுக்குச் சுங்கக் கட்டண விலக்கும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஆர்சி-யில் உள்ள பதிவுதான் ஆதாரம்.

ஜிஎஸ்டி-யில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு சிறிய கார்களுக்கு 28 சதவீத வரி இருந்தபோது, கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 சதவீதம் என்ற சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசி-க்குள், டீசல் என்றால் 1,500 சிசி-க்குள் இருக்கும் கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம்தான். பழைய சலுகையை மட்டும் நம்பி பட்ஜெட் போட்டிருந்தால், கணக்கை மறுபடி பாருங்கள்.

தினசரி வாழ்க்கையில்...

வண்டி வாங்கினாலும் ஓட்டுவது யார்? பல வீடுகளில் கவனித்துக்கொள்வது அம்மாவோ மனைவியோதான். லைசென்ஸ் இருப்பது வேறு ஒருவரிடம். அவர் வேலைக்குப் போய்விட்டால் வண்டி வாசலில் நிற்கும். முடிந்தால், வண்டி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் ஒதுக்குங்கள். ஆக்டிங் டிரைவரை அழைப்பதாக இருந்தால், பட்டை மாட்டும் முறையைப் படத்தோடு அச்சிட்டு, லேமினேட் செய்து வண்டியிலேயே தொங்கவிடலாம். கடைசியாக ஒருமுறை இழுத்துச் சரிபார்க்கும் பொறுப்பு மட்டும் வீட்டாருடையது.

நம் ஊர் வெயில் இன்னொரு விஷயம். வெயிலில் நின்ற வண்டியில் பெல்ட் கொக்கியும் சீட்டும் கொதிக்கும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு உணர்வு இல்லாதவர்களுக்குத் தோல் பொசுங்கினாலும் தெரியாது. கழுத்துக்கு அருகே அடிபட்டவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு. உடல் சூட்டைத் தணிக்க முடியாது. முதலில் ஏசியைப் போட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நீண்ட பயணத்தில், மருத்துவர் சொன்ன இடைவெளியில் நிறுத்தி உடம்பைச் சற்று நகர்த்திவிட வேண்டும்; இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்ப் பை இருந்தால், அது இடுப்பைவிடத் தாழ்வாகவே தொங்க வேண்டும்.

நிறுத்தும் இடத்தில் பின்னால் வேறு வண்டி வந்து ஒட்டிக்கொண்டால் இறங்க முடியாது. 'சாய்தளம் இறங்கும், 2 மீட்டர் இடம் விடவும்' என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டுங்கள். கடலோர ஊர்களில் சாய்தளத்தின் கீல்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை மணலைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் சொந்த வண்டி தேவைப்படாது. சென்னை போன்ற நகரங்களில் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. வீல்சேரோடு ஏறும் வாடகை வண்டிகளும் சில நகரங்களில் கிடைக்கின்றன. முடிவெடுக்கும் முன் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு பக்கம் போன பயணங்கள், மறுபக்கம் போகாமல் விட்டவை: தங்கை மகள் காதுகுத்து, குலதெய்வம் கோயில், பழைய ஆபீஸ் நண்பர்களோடு ஒரு காபி. முதல் பக்கத்தில் மாதம் ஒரு மருத்துவமனைப் பயணம் மட்டும் இருந்து, மறுபக்கமும் காலியாக இருந்தால் வாடகை வண்டி போதும். மறுபக்கம் நிறைந்திருந்தால், வண்டிக்கான காரணம் அதில் இருக்கிறது.

அந்த மறுபக்கத்தை எழுத வேண்டியவர் வீல்சேரில் இருப்பவர். வண்டியைச் சோதித்துப் பார்க்கும்போதும் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏற்றி, பட்டை மாட்டி, அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு அவரிடம் கேளுங்கள்: ஜன்னல் கண் உயரத்தில் இருக்கிறதா? முன்சீட்டில் பேசுவது காதில் விழுகிறதா? பள்ளத்தில் இறங்கும்போது கழுத்து ஆடுகிறதா? அவர் 'வேண்டாம்' என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேறு வண்டியைப் பாருங்கள்.