முறையோடு அதன் கதையும் வரட்டும்

மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டை வட்டத்தில் 1995-இல் யுனிசெஃப் உதவியோடு ‘நலி கலி’ என்ற கற்பித்தல் முறை தொடங்கியபோது, அதற்கான கற்றல் அட்டைகளை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுடையது. ஆந்திரத்தின் ரிஷி வேலி கல்வி மையம் நடத்தும் கிராமப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்து வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப எழுதினார்கள். அதே ரிஷி வேலி வழியில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007 முதல் தமிழகம் முழுவதும் பரவியது. நலி கலியும் பின்னர் கர்நாடக மாநிலத் திட்டமாயிற்று. அட்டைகளும் அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படிகளும் பள்ளிதோறும் போய்ச் சேர்ந்தன. ஓர் அட்டை ஏன் அந்தப் படியில் வைக்கப்பட்டது, அதற்குமுன் எதைச் செய்துபார்த்துக் கைவிட்டார்கள் என்ற விவரம் அதே வேகத்தில் போகவில்லை. காரணம் தெரியாமல் கைக்கு வரும் முறை சடங்காகிவிடும். பிள்ளை தடுமாறும்போது அட்டையை மாற்றலாமா, ஒரு படியைத் தாண்டலாமா என்று முடிவெடுக்க ஆசிரியருக்குப் பிடிமானம் இருக்காது.

அந்தப் பிடிமானத்தைத் தருவது, வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொல்லும் கதை. கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1930களில் குஜராத்தியில் எழுதிய, தமிழில் ‘பகல் கனவு’ என்று நாம் அறிந்த நூல் இதற்குச் சிறந்த சான்று. அதில் வரும் ஆசிரியர் லட்சுமிராம் நான்காம் வகுப்பை ஏற்கும் முதல் நாளில் அமைதி விளையாட்டு நடத்தப் பார்க்கிறார். வகுப்பு கூச்சலில் முடிகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்கிய பிறகே பிள்ளைகள் அவர் பக்கம் திரும்புகிறார்கள். ‘கதைவழிக் கற்பித்தல் பயன் தரும்’ என்ற பயிற்சிக் கையேட்டு வரி இதைச் சொல்லாது. அந்த முதல் நாள் தோல்வியைப் படித்தவருக்கே மறுநாள் மாற்றத்தின் காரணம் பிடிபடும்.

கற்பித்தல் தொழிலுக்குத் தன் வரலாறு எழுத்தில் இல்லை என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1980களிலேயே கவலைப்பட்டார். நல்லாசிரியரின் அறிவு அவரோடு ஓய்வு பெற்றுவிடுகிறது. அனுபவ அறிவு கதைகள் வழியே கைமாறுவதைப் பிற தொழில்களில் காண்கிறோம். ஜெராக்ஸ் நிறுவனப் பழுதுநீக்குநர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜூலியன் ஓர், கையேடு கைவிட்ட இடத்தில் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகளே வழிகாட்டின என்று கண்டார். இயந்திரத்துக்கே இது தேவையென்றால், நாளுக்கு நாள் மாறும் வகுப்புக்கு இன்னும் தேவை.

ஒருவர் சொல்லும் கதை ஆதாரமாகுமா, வெற்றியை ஊதிப் பெருக்க மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. கதையை ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தன் வகுப்பில் செய்துபார்க்க வேண்டிய ஒரு கருதுகோள். அதனால் சொல்பவருக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், முதலில் செய்தது ஏன் பலிக்கவில்லை, பிள்ளை சொன்னதும் எழுதியதும் என்ன, யாருக்கு இது உதவவில்லை என்பவை கதையில் இருந்தாக வேண்டும். கழித்தலில் கடன் வாங்கத் திணறிய பிள்ளையைப் பற்றிப் பேசினால், அவள் நோட்டுப் பக்கமும் நடுவில் இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் குடும்ப நிலையும் வெளியே வர வேண்டாம். பதிவேடுகளுக்கே நேரம் போதவில்லை என்ற குறையும் உண்மைதான். ஆகவே இதைப் புதிய பதிவேடாக்காமல், ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே நடக்கும் குறுவள மையக் கூட்டத்தில் கருத்தாளரின் உரையைச் சுருக்கி, அந்த நேரத்தைக் கதைகளுக்கு ஒதுக்க வேண்டும்.

அங்கே அதிகாரி மதிப்பெண் போட உட்கார்ந்தால், தோல்வியைச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். மேடைக்கேற்ற வெற்றிகள்தான் கேட்கும். சொல்லப்படுவது பணி மதிப்பீட்டில் சேராது என்ற உறுதியைக் கல்வித் துறை எழுத்தில் தர வேண்டும். கேட்டவர்களும் பாராட்டிவிட்டுக் கலையாமல், தங்கள் வகுப்பில் அதைச் செய்துபார்த்து, பலித்ததையும் பலிக்காததையும் அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். ஒருவரின் அனுபவம் பல வகுப்புகளில் சோதிக்கப்பட்டுத் தொழிலின் பொது அறிவாவது இந்த இரண்டாம் சுற்றில்தான்.