அடுத்த ஆண்டு பார்ப்போம்

விடுதியில் என்னோடு ஓரறையில் குடியிருக்கும் நண்பர் பொருளாதார மாணவர். எதைக் கண்டாலும் இதனால் என்ன பயன் என்று கேட்பது அவருக்குப் பாடமும் பழக்கமும் ஆகிவிட்டது. சென்ற மாதம் ஓரிரவு பன்னிரண்டு மணிக்கு மேல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு (டில்லிக் குளிரை அறியாத ஊர் அன்பர்கள் கேலி செய்ய வேண்டாம்), ஒரு தாளில் ஒன்பது அமெரிக்கக் கல்லூரிகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண்ணை இடுவதும் அடிப்பதுமாக இருந்தேன். நண்பர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மரியாதை தோன்றிற்று.

"மேற்படிப்புக்கு மனுப் போடப் போகிறாயா? நல்ல காரியம். எந்தக் கல்லூரி முதலில்?"

"மனுவும் இல்லை, படிப்பும் இல்லை. இந்த ஆண்டு பேஸ்பால் பந்தயத்தில் எது முதலில் வரும் என்று பார்க்கிறேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இருட்டில் அவருக்குச் சொல்ல முடியாமற் போனதை மன்றத்தின் ஏட்டில் சொல்கிறேன். படிப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, நீங்களாவது படியுங்கள்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கம் என்.சி.ஏ.ஏ. என்பது. 1973-இல் அது தன் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானோர் பார்ப்பதெல்லாம் முதற் பிரிவு. மூன்றாம் பிரிவில் நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலானவை சிறியவை. அங்கே பந்தடிக்கத் தெரியும் என்பதற்காக எவருக்கும் ஒரு டாலர்கூட உதவிச் சம்பளம் கிடையாது. எட்டு, ஒன்பது கல்லூரிகள் சேர்ந்து தமக்குள் பந்தயம் ஆடிக்கொள்ளும் கூட்டுக்குக் 'கான்பரன்ஸ்' என்று பெயர். இதை 'மாநாடு' என்று மொழிபெயர்த்தால் நமக்கு மேடையும் மாலையும் நன்றியுரையும் நினைவுக்கு வந்துவிடும். எனவே கூட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்றாந்தரம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்நாட்டில் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்ற இரு சிறு கல்லூரிகளுக்கிடையே நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73-க்கு 32 என்ற கணக்கில் வென்றது. அவ்விரண்டும் இன்று ஆடுவது மூன்றாம் பிரிவில்தான். பெரியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

என் தாளில் இருந்தது சதர்ன் அத்லெட்டிக் அசோசியேஷன் என்னும் தென்மாநிலக் கூட்டு, 2011-இல் அமைந்தது. ஜார்ஜியாவின் பெரி, ஓகல்தார்ப், கென்டக்கியின் சென்டர், ஆர்க்கன்சாவின் ஹென்ட்ரிக்ஸ், மிசிசிப்பியின் மில்சாப்ஸ், டென்னசியின் ரோட்ஸ், சிவானி. இந்த ஏழோடு 2025 கோடையில் டெக்சசிலிருந்து டிரினிட்டியும் சவுத்வெஸ்டர்னும் வந்து சேர்ந்தன. இந்த வரவு சாதாரணமானதன்று. டிரினிட்டி 2016-இல் மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தையே வென்ற கல்லூரி. இக்கூட்டில் இப்போது உள்ள வேறெதற்கும் பேஸ்பாலில் அந்தப் பெருமை இல்லை. அது இருக்கும் சான் அன்டோனியோவிலிருந்து ஓகல்தார்ப் இருக்கும் அட்லாண்டாவுக்குச் சாலை வழியே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். டில்லியிலிருந்து ஐதராபாத்துக்குப் போய்ப் பந்தாடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்புவது போன்றது. இந்த அலைச்சலுக்கு யார் ஈடு கொடுப்பார்கள், போன ஆண்டுப் பந்தெறியாளர்களில் யார் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள், புதிதாக வந்தவன் கை எப்படி என்பனவே அபிமானிகளின் பேச்சு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக்கு முன்பே முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று வரிசை கட்டிவிடுவார்கள்.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இந்த ஜோதிடத்தில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கூட்டுக்குள் ஓர் அணி இருபது ஆட்டம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அணி மற்றவற்றுக்கு முற்றும் சமமானது. ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போலத்தான். அப்படியிருந்தும் அது பன்னிரண்டோ அதற்கு மேலோ வென்றுவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதாவது ஒன்பது அணிகளும் இம்மியும் வேறுபாடின்றி இருந்தாலும், சராசரியாக இரண்டு அணிகள் பன்னிரண்டு வெற்றியோடு மார்தட்டி நிற்கும். அவற்றின் பயிற்சியாளர் மேதை எனப்படுவார். தொழில்முறை பேஸ்பாலில் ஆண்டுக்கு 162 ஆட்டம். அங்கே அதே சம பலமுள்ள அணி நூற்றுக்கு அறுபது வீதம் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய இருநூற்றில் ஒன்றுதான். ஆட்டம் பெருகப் பெருக அதிர்ஷ்டத்தின் வேடம் கலைந்துவிடும். சிறு கல்லூரிகளின் பருவமோ மே மாதத்தில் முடிந்துவிடுகிறது. வேடம் கலைய நேரமில்லை.

இதை நான் என் அண்ணனிடம் (பெரியப்பா மகன், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் உத்தியோகம் பார்க்கிறார்) தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, உன் கணக்கெல்லாம் சரி. ஆனால் அணி ஆடுகிற கல்லூரி அடுத்த ஆண்டு இருக்கும் என்று கணக்கின் முதல் வரியிலேயே எடுத்துக்கொண்டாயே, அது யார் கொடுத்த வாக்கு?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான். இந்தக் கூட்டில் பத்தாவதாக ஒரு கல்லூரி இருந்திருக்க வேண்டும்.

பர்மிங்காம்-சதர்ன் என்பது அதன் பெயர். 1856-இல் தோன்றிய கல்லூரியும் பர்மிங்காம் நகரக் கல்லூரியும் 1918-இல் இணைந்து உண்டானது. ஒரு காலத்தில் முதற் பிரிவிலேயே ஆடியது. 2006-இல் அது வேண்டாம் என்று தீர்மானித்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. கடன் வாங்கிக் கட்டடங்கள் எழுப்பிற்று. 2008-இன் பொருளாதாரச் சரிவு வந்தது. 2010-இல் மாணவர் உதவித்தொகைக் கணக்கில் பெரும் பிழை வெளிப்பட்டு ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலையிழந்தார்கள். மூலதனத்தைத் தின்று காலம் தள்ளிய கல்லூரியில் கடைசியில் மாணவர் ஆயிரத்துக்கும் குறைவு. 2023-இல் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய கல்லூரிகளுக்கென ஒரு கடன் திட்டம் இயற்றியது. கல்லூரி மூன்று கோடி டாலர் கேட்டது. மாநிலக் கருவூல அதிகாரி மறுத்தார். 2024 மார்ச் 26 அன்று அறிவிப்பு வந்தது: மே 31-ஆம் நாளோடு கல்லூரி மூடப்படும்.

அப்போது பேஸ்பால் பருவம் பாதி நடந்துகொண்டிருந்தது. அந்த அணி என்ன செய்திருக்கலாம்? கலைந்து போயிருக்கலாம், குற்றம் சொல்ல யாரால் முடியும்? கலையவில்லை. வட்டாரச் சுற்றில் வென்றது. அதற்கடுத்த சுற்றில் ஒகையோவின் டெனிசன் கல்லூரியை வென்றது. நாட்டின் எட்டு அணிகள் மட்டும் ஆடும் இறுதிப் பந்தயத்துக்கு, எரி ஏரிக்கரையில் ஈஸ்ட்லேக் என்ற ஊருக்குப் போயிற்று. அங்கே அது ஆடிய முதல் ஆட்டத்தின் தேதி மே 31.

அன்று நான் பி.எஸ்ஸி. தேர்வு முடித்து மயிலாடுதுறையில் வீட்டுத் திண்ணையில் கிடந்தேன். அண்ணன் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தக் கல்லூரியின் பெயரே தெரியும். பேஸ்பாலின் விதி ஒன்றும் அறியாமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஓட்டக் கணக்கை மட்டும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டத்தில் சாலிஸ்பரியிடம் தோற்றது. இரண்டு தோல்வி கண்டால் வெளியே என்பது அங்கே விதி. மறுநாள் ஜூன் 1. கல்லூரி இல்லை, ஆனால் கல்லூரியின் பெயர் பொறித்த சட்டைகள் மைதானத்தில் இருந்தன. ராண்டால்ப்-மேக்கனோடு நடந்த அந்த ஆட்டத்தை ஒரு ஹோம் ரன் முடித்து வைத்தது, வெற்றி. ஜூன் 2 அன்று விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரிடம் 11-க்கு 10 என்று ஒரே ஓட்டத்தில் தோற்றது. அதோடு முடிந்தது. (ஒயிட்வாட்டர் அந்த ஆண்டு பட்டத்தை மிசரிகோர்டியாவிடம் இழந்து, 2025-இல் வென்றது. அவர்களுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இருந்தது.)

செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. மரணத்தை வென்ற இளைஞர்கள் என்ற பாவனையில் எழுதினார்கள். எனக்கும் அன்று கண் கலங்கியது உண்மை. ஆனால் இப்போது அந்தக் கொண்டாட்டத்தை நான் சந்தேகிக்கிறேன். மரணத்தை யாரும் வெல்லவில்லை, கல்லூரி செத்தது. இளைஞர்களின் வீரம் பெரிதாகப் பேசப்படும்போது, கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களும், கூட்டல் தவறியவர்களும், மூன்று கோடியை மறுத்தவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மறுப்பு நியாயமாகக்கூட இருக்கலாம். திரும்பி வராத கடனை எந்தக் கருவூலமும் கொடுக்காது என்று என் அறை நண்பர் சொல்வார். அப்படியானால் அதைப் பேசுவோம். ஹோம் ரன்னைக் காட்டி அதை மூட வேண்டாம்.

இதில் பந்தாட்டத்துக்கே ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை இல்லை என்றேனல்லவா? அதன் மறுபக்கம் என்ன? ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் கட்டணம் செலுத்தும் மாணவன். நாற்பது பேர் கொண்ட பேஸ்பால் அணி என்றால் நாற்பது சேர்க்கை. ஆகவே மாணவர் குறையும் சிறு கல்லூரிகள் புதிது புதிதாக அணிகள் தொடங்குகின்றன. சில கல்லூரிகளில் மாணவரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏதேனும் ஓர் அணியில் இருக்கிறார்கள். நாம் இங்கே விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று பயந்து வளர்ந்தவர்கள். அங்கே விளையாட்டுத்தான் படிப்புக்கு ஆள் சேர்க்கிறது. பயிற்சியாளர் பந்து பொறுக்கும் நேரம் போக மற்ற நேரத்தில் மாணவர் பிடிக்கும் முகவர். இது தவறு என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் இன்னும் நான்காண்டு பந்தாட வேண்டும் என்ற ஆசையால் ஒருவன் தத்துவமும் ரசாயனமும் படிக்க வந்தால் அது நல்ல ஏற்பாடே. ஆனால் அது எவ்வளவு நாள் தாங்கும்? அமெரிக்காவில் 2007-இல் ஏறக்குறைய 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதன் பிறகு எண்ணிக்கை சரிந்தது. 2007-உடன் பதினெட்டைக் கூட்டிப் பாருங்கள். சரிவின் முதற் படியில் அவர்கள் இப்போதுதான் கால் வைத்திருக்கிறார்கள்.

எனவே என் கருத்து இது. பருவத்தை முன்கூட்டிக் கணிக்கிறவர்கள் பந்தெறியாளன் தோளைப் பற்றி எழுதுமுன், அந்தக் கல்லூரியில் இவ்வாண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடன் எவ்வளவு என்று இரண்டு வரி எழுதட்டும். தோற்ற அணியின் அபிமானி எல்லா நாட்டிலும் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றுதான் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கணிப்பவன் கடமைதானே?

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. அவர் எதிர்வீட்டுக்காரர் ஒரு கிழவர், பர்மிங்காம்-சதர்னில் படித்தவர். "அவரிடம் போய் நீ வரவு செலவு பேசிப் பார். மைதானத்துக்கு மனிதன் வருவதே வரவு செலவை மறக்கத்தான் என்பார்" என்றார் அண்ணன். கல்லூரி மூடிய பிறகு அந்தக் கிழவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். வசந்தம் வந்தால் சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு பெரி கல்லூரிக்கோ சிவானிக்கோ ஆட்டம் பார்க்கப் போகிறாராம். யார் கட்சி என்று கேட்டால், இரண்டு பக்கமும் இல்லை என்கிறாராம். தன் கல்லூரிக்கு எதிராக ஆடியவர்கள் என்பதால் அந்தச் சட்டைகளின் நிறம் பழக்கமாம்.

நான் வாதத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தாளில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். டிரினிட்டிக்கு முதலிடம் இட்டிருக்கிறேன். 2016-இன் பட்டம் இன்றைய அணிக்கு ஒரு ஓட்டம்கூடச் சேர்க்காது என்பது தெரியும். நான்கில் ஒன்று கணக்கும் மறக்கவில்லை. அறை நண்பரோ, போன வாரம் தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓகல்தார்ப் என்ற பெயர் அழகாயிருக்கிறது என்று சொல்லி அதன்மேல் இரண்டு தேநீர் பந்தயம் கட்டியிருக்கிறார். மே மாதம் கணக்குத் தீர்ப்பதாகப் பேச்சு.